சீனிக்கு எதிர்த்தட்டில்

ஷரீஃபுன்னிசாவுக்கு வயிறு எரிந்தது. லேசாக இல்லை, பற்றி எரிந்தது. கொழுந்தன் பெண்டாட்டி மெஹராஜ் தன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினாலே தாராவிச் சந்து முழுக்க வாயைப் பிளக்கும். "யா அல்லா, என்னா கனம்!" என்று ஆளாளுக்கு வாங்கிக் கொஞ்சுவார்கள். அதே மாதம் பிறந்த ஷரீஃபாவின் பிள்ளையை வாங்கினால், "பால் குடிக்கானாம்மா?" என்று கேட்பார்கள். ஏங்கி ஏங்கிப் பெற்ற பிள்ளை. எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

இதற்கு நடுவில் மாமியாரின் நேர்ச்சை வேறு. பேரன்கள் இருவருக்கும் எடைக்கு எடை சீனி நிறுத்து மாஹிம் தர்காவில் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும், கீழே செருப்புப் பட்டறையில், தோல் நிறுக்கிற பெரிய தராசில், சந்தே கூடிப் பார்க்க நிறுப்பார்களாம். மெஹராஜ் பிள்ளைக்கு மூட்டை சரியும். தன் பிள்ளைக்கு ஒரு கும்பாச் சீனி போதும். அதை நினைத்து நினைத்தே ஷரீஃபாவுக்குச் சோறு இறங்கவில்லை.

கடைக்குட்டிக் கொழுந்தன் ஜஹாங்கீர் மாட்டுங்காவில் காலேஜ் படிக்கிறவன். ருஷ்யாக்காரன் ராக்கெட்டில் ஏறிப் பூமியைச் சுற்றி வந்த நாளிலிருந்து அவன் வாய்க்குப் பூட்டு இல்லை. அவனுக்கு டீயைக் கொடுத்துவிட்டு, எடை என்றால் என்ன என்று மெல்லக் கேட்டாள்.

"பூமி நம்மளக் கீழ இழுக்குதுல்லா மைனி, அந்த இழுவைதான் எடை. நிறைங்கிறது வேற. அது உள்ள இருக்கிற சரக்கு. நிலாவுக்குப் போனா சரக்கு அப்படியே இருக்கும், எடை ஆறுல ஒண்ணாயிரும்."

"மெஹராஜ் புள்ளைக்குமா?"

"எல்லாருக்கும்தான்!"

"நிலா கெடக்கட்டும். ஒசரத்துக்குப் போனாலே கொறையுமா?"

"கொறையும். பூமிய விட்டுத் தள்ளிப் போகப் போக இழுவை கொறையும்லா."

அது போதும் அவளுக்கு. மறுநாள் காலையில் மாமியாரிடம் தேனாகப் பேசினாள். "மாமி, மெஹராஜ் பாவம், புள்ளையத் தூக்கிட்டுப் படி எறங்க வேண்டாம். அவனை மாடியிலயே நிறுத்துருவோம். எம்புள்ளையக் கீழ நிறுப்போம்."

கேட்டுக்கொண்டிருந்த ஜஹாங்கீர் விழுந்து விழுந்து சிரித்தான். "மாடியில புள்ள எடை கொறஞ்சா சீனி எடையும்தான மைனி கொறையும்! ரெண்டு தட்டையும் பூமி ஒண்ணாத்தான் இழுக்கும். தராசு காட்டுறது சரக்கை. அதுக்கு மாடியும் ஒண்ணு, கீழயும் ஒண்ணு."

சரக்குதானே வேண்டும்? இந்தா போடுகிறேன் சரக்கு என்று பல்லைக் கடித்தாள் ஷரீஃபா. பட்டறையில் பூட்ஸ் அடியில் அடிக்கிற இரும்பு லாடங்கள் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. பிள்ளையின் வெல்வெட் சட்டை மடிப்பைப் பிரித்து, உள்ளே வரிசையாக வைத்துத் தைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. முதலில் மெஹராஜ் பிள்ளையை நிறுத்தார்கள். அடுத்தது ஷரீஃபாவின் பிள்ளை. தட்டு சடாரென்று தரையைத் தொட்டது. எதிர்த்தட்டில் சீனியைக் கொட்டுகிறார்கள், கொட்டுகிறார்கள், எழும்பினால்தானே! பெண்கள் குரவை விட்டார்கள். மெஹராஜ் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்ததும் ஷரீஃபாவுக்கு நெஞ்சு குளுகுளுவென்று இருந்தது.

"எங்க ராசா, நேத்து ஒண்ணையும் பிடிக்காம நின்னியே, எல்லாருக்கும் நின்னு காட்டு பாப்போம்," என்று மாமியார் பிள்ளையைப் பாயில் விட்டாள்.

பிள்ளை கையை ஊன்றிப் புட்டத்தைத் தூக்கியது. தொப்பென்று உட்கார்ந்தது. மறுபடி எழுந்தது, குப்புற விழுந்தது. முகம் சிவந்து வீறிட்டது.

"நேத்து நின்ன புள்ளைக்கு என்னாச்சு? பாதகத்தி எவ கண்ணோ பட்டுட்டே!" என்று மாமியார் மாரில் அடித்துக்கொண்டாள். அவள் பார்வை நேராக மெஹராஜ் மேல் போய் நின்றது. சந்துக்காரிகளும் திரும்பிப் பார்த்தார்கள்.

மெஹராஜ் தன் பிள்ளையை மாரோடு இறுக்கிக்கொண்டாள். "என் கண்ணுதான் மாமி. எம்புள்ள இன்னும் தவழக்கூட இல்லை. கனம் கனம்னு எல்லாரும் சொல்லுறீங்க, வச்ச எடத்துல அப்படியே கெடக்கான். இவன் எந்திரிச்சு நிக்கிறதப் பாத்துப் பாத்து எனக்கு வயிறெரிஞ்சுதான் போச்சு."

ஷரீஃபா வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பழி மெஹராஜோடு போய்விடும், பேரும் பெருமையும் தன் பிள்ளைக்கு. ஆனால் பிள்ளை மறுபடி கையை ஊன்றியது, மறுபடி விழுந்தது, அழுதுகொண்டே அம்மாவைத் தேடியது. அவளால் தாங்க முடியவில்லை. பாய்ந்து போய்ப் பிள்ளையை மடியில் போட்டு, சட்டை மடிப்பைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். லாடங்கள் சலசலவென்று பாயில் கொட்டின.

குரவை விட்டவர்கள் பாயைச் சுற்றி நெருங்கினார்கள். மாமியார் ஒரு லாடத்தை எடுத்து, புரட்டிப் பார்த்து, ஷரீஃபாவைப் பார்த்தாள்.

மடியிலிருந்து நழுவிய பிள்ளை, ஒன்றையும் பிடிக்காமல் எழுந்து நின்றது. ஒருவரும் அதைப் பார்க்கவில்லை, எல்லார் கண்ணும் லாடத்தின் மேல் இருந்தது. மெஹராஜ் மட்டும் பார்த்தாள். பார்த்த மறுகணம், தன் கண் பட்டுவிடக் கூடாதென்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.