குழி காட்டாத தாள்

அண்ணன் எங்கள் வரைபட நூலகத்தின் படியேறி வந்த அன்றுதான், கடவுளுக்கும் கண் இருக்கிறது என்று நம்பினேன்.

அப்பா போனதும் வீட்டுப் பத்திரத்தில் ஒரு கையெழுத்துக் கேட்டான். கூடப்பிறந்தவன்தானே என்று போட்டேன். மறுவாரமே வீட்டுப் பூட்டை மாற்றிவிட்டான். அம்மாவும் அவன் பக்கம். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை.

"அப்பா வீட்டை வித்துட்டு ஒரு மனை வாங்கப்போறேன். ஏதாவது குளத்தைத் தூத்த எடமான்னு பழைய மேப்புல பாத்துச் சொல்லு. நீதான் இதுல புலியாமே?"

நகரத்தின் விளிம்பு வளர்ந்த கதைதான் என் ஆராய்ச்சி. கிணறு, வேலி வரை காட்டும் அந்தப் பெரிய வரைபடத் தாள்கள் எனக்கு மனப்பாடம். அவன் வாங்கவிருந்த மனையில் செங்கல் சூளைக்காக மண் எடுத்த பெருங்குழி இருந்தது. பிறகு குப்பை கொட்டி மூடிவிட்டார்கள். அங்கே கட்டினால் சுவர் பிளக்கும்.

அந்த இடத்துக்கு இரண்டு தாள்கள் இருந்தன; குழி இருந்தது இரண்டாவதில்தான். முதலாவதை மட்டும் விரித்தேன். அது அச்சானது குழி வெட்டிய பிறகு. நிலத்தை அளந்ததோ குழி வெட்டுவதற்கு முன்பு. அளந்த ஆண்டு ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும், அச்சிட்ட ஆண்டு அடியில் கொட்டை எழுத்தில். விவரம் தெரியாதவர்கள் கொட்டை எழுத்தைத்தான் பார்ப்பார்கள். அவனும் பார்த்தான்.

"இந்த வருஷம் வரைக்கும் வெறும் பொட்டல்தானே?"

"தாள்ல இருக்கறது அவ்வளவுதான்."

பொய் ஒன்றும் சொல்லவில்லை. கட்டட்டும், நடுத்தெருவில் நிற்கட்டும். மனசு குளுகுளுவென்று இருந்தது.

கிளம்பும்போது சொன்னான்: "அம்மாவால படி ஏற முடியல. புது வீட்டுல கீழ் ரூம் அவங்களுக்குத்தான்."

அன்று சாயங்காலமே இரண்டாவது தாளின் நகலோடு அவன் வீட்டுக்கு ஓடினேன். குழியின் சரிவைக் குறிக்கும் பொடிக்கோடுகளை விரல் வைத்துக் காட்டினேன். அண்ணன் சிரித்தான்.

"காலையில பொட்டல், சாயங்காலம் குழியா? நான் கட்டுறது பொறுக்கலன்னா நேரா சொல்லித் தொலையேன்."

அளந்த ஆண்டு, அச்சிட்ட ஆண்டு என்று விளக்கினேன். காதில் வாங்கவில்லை. அம்மாவிடம் திரும்பினேன்.

"உன் ரூமே குழி மேலதான் வருதும்மா. நீயாவது நம்பு."

அம்மா தாளைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"அவன் மேல இருக்கற கோவத்துக்கு, பெத்தவளைப் பயமுறுத்தியாடி பழி தீத்துக்கணும்?"