வேலாயுதம் வீட்டு வியர்வை

1968ஆம் வருஷம் சித்திரை மாதம் பிள்ளையார்பாளையத்தில் பட்டுநூல் விலை ஏறியது, தெருக்குழாயில் மூன்று நாள் தண்ணீர் வரவில்லை, நெசவுக்கார வேலாயுதத்தின் மகள் அம்சவேணிக்கு அந்தக் கோடைக்கும் மாம்பழ மஞ்சளில் வியர்க்கத் தொடங்கியது. மூன்றாவதை யாரும் செய்தியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. நான்கு தலைமுறையாக அந்த வீட்டில் எல்லாருக்கும் நிறமாகத்தான் வியர்க்கும். வேலாயுதத்துக்கு அரக்கு, அவர் மனைவி பெரியநாயகிக்குக் கத்தரிப்பூ நிறம். கோடையில் அவர்கள் வீட்டுக் கொடியில் காயும் துணிகளைப் பார்த்துச் சாயப்பட்டறை என்று நினைத்து விசாரித்துவிட்டுப் போன வெளியூர்க்காரர்கள் உண்டு. அக்கம்பக்கத்தார் அந்தக் குடும்பத்தோடு நன்றாகப் பேசுவார்கள், சிரிப்பார்கள், ஆனால் ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயத்தில் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. பெண் கொடுப்பதும் எடுப்பதும்கூடச் சொந்தத்துக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தது.

அந்த வழக்கத்தை உடைக்க வந்தவன் இரண்டு தெரு தள்ளியிருந்த லோகாம்பாளின் ஒரே மகன் ஆதிகேசவன். கட்டினால் அம்சவேணியைத்தான் கட்டுவேன் என்று சொல்லித் தறியை விட்டு எழுந்து விட்டான். லோகாம்பாள் முடியாது என்றாள். அவள் வீட்டில் நெய்வது கோயில்களுக்கான வெண்பட்டு வேட்டி மட்டும். கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைப் போட, தறியில் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார வேண்டும். மருமகள் வந்தால் அது மருமகளின் வேலை.

"பொண்ணு தங்கம்தான், நான் இல்லன்னு சொல்லல. வெள்ளைப் பாவுல ஒரு சொட்டு வுழுந்துச்சுன்னா அப்புறம் எவன் என் கையில வேட்டி வாங்குவான்? நாளைக்கு பொறக்கற புள்ளைக்கும் இதே மாதிரி வேர்த்துக்கினு இருந்தா?" என்று அவள் தெருவில் போவோர் வருவோரையெல்லாம் நிறுத்திக் கேட்டாள். முப்பது வருஷத்தில் அவள் தறியில் ஒரு கறை விழுந்ததில்லை. அந்தப் பெருமை அவளுக்கு மூக்குத்தியைவிடப் பெரியது.

ஆடியில் நார்வேயிலிருந்து இங்கிரித் என்ற டாக்டரம்மாள் வந்து சேர்ந்தாள். ஊர் ஊராகப் போய் மனித உடம்புகள் எப்படி எப்படி வேறுபடுகின்றன என்று எழுதுவது அவள் வேலை. ஆஸ்பத்திரி கம்பவுண்டர் சாமுவேல் அவள் பேச்சைத் தமிழாக்கினார். காற்றே போதாத மலைகளில் மூச்சு வாங்காமல் மூட்டை சுமக்கிறவர்களையும், ஒரு கிண்ணம் சாராயத்தில் முகம் தக்காளியாகச் சிவக்கிறவர்களையும் அவள் பார்த்திருந்தாள். உலகத்தில் பாதிக்கு மேற்பட்ட பெரியவர்களுக்குப் பால் குடித்தால் வயிறு ஊதிக்கொள்ளும் என்று சாமுவேல் சொன்னபோது தெருவே வாயைப் பிளந்தது. நிறமாக வியர்ப்பதில் என்ன இருக்கிறது, பாலைப் போய் வேண்டாம் என்கிற வயிறும் உண்டா என்று அன்று முழுக்க அதே பேச்சு.

லோகாம்பாள் நேராக விஷயத்துக்கு வந்தாள். இது ரத்தமா, தண்ணியா, பழக்கமா? ரத்தம் என்றால் கல்யாணம் கிடையாது. தண்ணீர் என்றால் பெண்ணைக் கூட்டி வந்து தன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் சரிசெய்துகொள்வாள். டாக்டரம்மாள் வேலாயுதம் வீட்டிலேயே ஓர் அறை எடுத்துத் தங்கி, ஒன்பது மாதம் விரலில் குத்தி ரத்தம் எடுத்தாள், கிணற்றை அளந்தாள், புளிக்குழம்பை எடை போட்டாள். பெண் வீட்டார் அவளை மயக்கிவிடப் போகிறார்கள் என்று லோகாம்பாளும் தினமும் போய்க் காவல் உட்கார்ந்தாள். சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் கை நனைப்பதில்லை என்பது வழக்கம். அதில் அவள் கறார். மோரை மட்டும் அண்ணாந்து குடித்துக்கொள்வாள். மோரில் கை எங்கே நனைகிறது என்பது அவள் வாதம். பெரியநாயகியின் பெருங்காய மோர் நாளுக்கு மூன்று டம்ளர் என்று ஒன்பது மாதம் உள்ளே போயிற்று.

பங்குனி வெயிலில் ஒரு பகல், மகன் இன்னும் திரும்பி வராத தறியில் லோகாம்பாள் தானே உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தாள். நெற்றியிலிருந்து நான்கு சொட்டு பாவில் விழுந்தது. அசல் மயில்கழுத்து நிறம். அவள் முதலில் மேலே ஓட்டுக்கூரையைப் பார்த்தாள், பிறகு கையைப் பார்த்தாள். அதே வாரம் டாக்டரம்மாளின் கைக்குட்டையும் கிளிப்பச்சையாகிவிட்டது. அவள் நெடுநேரம் சிரித்துவிட்டு நோட்டில் ஏதோ எழுதினாள். சாமுவேல் படித்துச் சொன்னார்: ரத்தத்தில் ஒன்றுமில்லை. இவர்கள் சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொண்டு வந்ததால் எது ரத்தம், எது சோறு என்று பிரிக்க முடியாமல் இருந்தது. அந்த வீட்டில் யார் நாள்பட வாங்கிச் சாப்பிட்டாலும் இப்படித்தான் ஆகும்.

லோகாம்பாள் அழுதாள், அன்று சாயங்காலம் வரைக்கும். பிறகு கண்ணாடியில் முகத்தைப் பார்த்தவளுக்கு அந்த நிறம் தனக்கு எடுப்பாக இருப்பதாகப் பட்டது. முகத்தைத் துடைக்காமலே தாம்பூலத் தட்டோடு கிளம்பிப் போய், "சம்மந்திம்மா, எல போடு. நான் கை நனைக்கத்தான் வந்துக்கினு இருக்கேன்" என்றாள். பெரியநாயகி சிரித்துக்கொண்டே அழுதாள், கன்னத்தில் கத்தரிப்பூ நிறம் வழிய. மயில்கழுத்துப் புள்ளி விழுந்த வேட்டியைக் கோயிலில் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார்கள். அடுத்த முறை நான்கு புள்ளி போதாது, கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும் என்று சொல்லியனுப்பினார்கள்.

ஆவணியில் கல்யாணம். பயம் விட்டுப்போய் இரண்டு தெருவும் வேலாயுதம் வீட்டில் மூன்று வேளையும் சாப்பிட்டது. அடுத்த கோடையில் ஏழு நிறத்தில் வியர்த்தார்கள். இங்கிரித் ஊர் திரும்பினாள். அங்கே பனி தள்ளும்போது தனக்கு இன்னும் பச்சையாகவே வியர்க்கிறது என்று வருஷத்துக்கு ஒரு கடிதம் போட்டாள்.

1971இல் அம்சவேணிக்குப் பெண் பிறந்தது. ஒரு வயதில் வேலாயுதம் வீட்டுச் சோறு ஊட்டி, வெயிலில் விளையாடவிட்டு, நெற்றியை ஆவலோடு துடைத்துப் பார்த்தார்கள். வெறும் தண்ணீர். மறு கோடையிலும் அப்படியே. அம்சவேணிக்கு முகம் விழுந்துவிட்டது. லோகாம்பாள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அதுக்கு இன்னாத்துக்கு மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு இருக்கற? உலகத்துல எத்தினியோ ஊர்ல இப்படித்தான் வேர்க்குதாம்மா. புள்ள நல்லாத்தான் இருக்குது."