பொன்மணி வாசித்துக் கொடுத்த சண்டை

மட்டாஞ்சேரியில் இரண்டு ஆண்பிள்ளைகள் வாரக்கணக்கில் ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டார்கள். என்ன திட்டு வாங்கினோம் என்பது இருவருக்குமே தெரியாது. தெரிந்தவள் பொன்மணி ஒருத்திதான். அவள் இஸ்திரி போடுகிறவள்.

சண்டை நடந்த இடம் ‘மட்டாஞ்சேரி தமிழ் உறவுகள்’ என்ற வாட்ஸாப் குழு. இருநூற்றுப் பதினாலு பேர். உறவு என்று பெயர் வைத்த இடத்தில் என்ன நடக்குமோ அதுதான் அங்கேயும் நடந்தது. கார்ப்பரேஷன் தேர்தலில் நம் தமிழ் ஜனம் யாருக்கு ஓட்டுப் போடுவது என்று ஒரு புண்ணியவான் கேட்டு வைத்தார். முதலில் தமிழ் ஜனம் என்றால் யார் யார் என்று முடிவாகட்டும் என்று இன்னொருவர் எழுதினார். அத்தோடு ஓட்டை எல்லாரும் மறந்துபோனார்கள்.

குழுவில் பாதிப்பேர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். அதனால் தமிழை மலையாள எழுத்தில் எழுதுவார்கள். மீதிப்பேர் தேனி, மதுரைப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்கள் எழுதுவது தமிழ் எழுத்தில். ஒரு கூட்டம் எழுதுவதை மற்றக் கூட்டத்தால் ஓர் எழுத்துக்கூட வாசிக்க முடியாது. பிறகு எப்படிச் சண்டை போட்டார்கள் என்று கேட்காதீர்கள். எதிராளி எழுதியதைப் படித்துவிட்டுத்தான் சண்டை போட வேண்டும் என்று எந்த ஊரில் சட்டம் இருக்கிறது?

குரலில் பேசி அனுப்பலாமே என்றால், அதற்கும் வழியில்லை. குழுவின் அட்மின் முகமது இஸ்மாயில், பாத்திரக் கடை வைத்திருப்பவர், குரல் செய்திக்குத் தடை போட்டிருந்தார். கவுன்சிலர் முன்னால் பவ்யமாக நின்றபோது அவர் சட்டைப்பையிலிருந்து யாரோ யாரையோ ‘எருமைமாடே’ என்று கூப்பிட்டதில் வந்த தடை அது. போனில் உள்ள மொழிபெயர்ப்பையும் சிலர் முயன்று பார்த்தார்கள். ஒரு முழுநீள வசவுக்கு அது ‘மூன்று கிலோ வானம் கிழக்கே போகிறது’ என்று அர்த்தம் சொன்னது.

ஆனால் இரண்டு பேர் மட்டும் நேர்மையானவர்கள். எதிராளி என்ன சொன்னான் என்று தெரிந்துகொண்டுதான் திட்டுவோம் என்ற கொள்கை உள்ளவர்கள். ஒருவர் வெங்கிட்டு சாமி. பாலக்காட்டிலிருந்து வந்து நாலு தலைமுறையாய் மட்டாஞ்சேரியில் இருக்கும் குடும்பம், மிளகுக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவன் தங்கதுரை. தள்ளுவண்டியில் வெங்காயம் விற்பவன், உசிலம்பட்டிக்காரன், பொன்மணியின் கூடப்பிறந்த தம்பி.

பொன்மணிக்கு இரண்டு எழுத்தும் தெரியும். தமிழ் எட்டாவது வரை படித்தது. மலையாளம், தேய்த்த துணியைச் சுற்றித்தரும் பழைய பேப்பரில் தானாகப் படித்தது. பதினொரு வருஷமாகச் சட்டைக்கு அடியில் தலைகீழாகவும் சாய்வாகவும் கிடந்த பேப்பரைப் படித்துப் படித்து, இப்போது எந்தப் பக்கம் திருப்பிக் காட்டினாலும் வாசிப்பாள். அவள் கடை இருப்பதோ வெங்கிட்டு சாமி வீட்டு மதிலை ஒட்டிய சாய்ப்பில். காலை ஏழு மணிக்குச் சாமி வேட்டியோடும் போனோடும் வருவார். மூன்று மணிக்குத் தம்பி வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சாயா டம்ளரோடும் போனோடும் வருவான்.

முதல் நாளே சாமி சொல்லிவிட்டார். “பாரு பொன்மணி, உன் தம்பி என்னைப் பத்தி என்ன வேணாலும் எழுதட்டும். என் தோப்பனாரைப் பத்தி ஒரு வார்த்தை எழுதினான்னா, அன்னிக்கே உன் பெட்டியைத் தூக்கி ரோட்டுல வெச்சுடுவேன். கேட்டியா?”

மறுநாள் தங்கதுரை எழுதினான். முதல் வரியே தோப்பனார்தான். ‘உங்கப்பன் மிளகு மண்டியில கள்ளத்தராசு பிடிச்சவன். எழுத்துத் தெரியாத நீயெல்லாம் தமிழனா? தும்பிக்கை இல்லாத யானை.’

இந்தச் சாய்ப்பை விட்டால் மட்டாஞ்சேரியில் ஒரு மேசை போட அவளுக்கு வேறு இடம் கிடையாது. சாமியோ மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் யாரோ கொடுத்த கல்யாணப் பத்திரிகை ஒன்று கிடந்தது. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு மரியாதையான தமிழ் என்று அவள் வாசித்ததெல்லாம் கல்யாணப் பத்திரிகை மட்டும்தான்.

“‘அன்புடையீர்’,” என்று ஆரம்பித்தாள். “‘தங்கள் தகப்பனார் மிளகு மண்டியில் நீதி தவறாமல் தராசு பிடித்தவர் என்று அறிந்தோம். யானை போன்ற தாங்கள், சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து, என் கருத்தை மறுத்துச் சிறப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.’”

சாமி துடைத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். “கேலி பண்றானோ?”

“இல்ல சாமி. எங்க பக்கம் எழுத்துன்னா இப்படித்தான்.”

“யானைங்கறானா? ம்ம். ஆளு சுமார் ஆளில்லை போலிருக்கே.”

ஆனால் அதற்கு முந்தின நாள் ராத்திரியே சாமி எழுதிய ஒன்று தங்கதுரை போனில் வாசிக்கக் காத்திருந்தது. மூன்று மணிக்கு அதைப் பொன்மணி கையில் வாங்கினாள். ‘டேய் உள்ளிச்சாக்கு மண்டையா, நேத்து பஸ்ஸில் வந்து இறங்கின பிச்சைக்காரக் கூட்டம் எங்களுக்குத் தமிழ் படிப்பிக்கிறதா?’ உள்ளி என்றால் அந்த ஊரில் வெங்காயம்.

பொன்மணியும் அந்த பஸ்ஸில் வந்தவள்தான். மடியில் இஸ்திரிப்பெட்டியை வைத்துக்கொண்டு, கால் மாற்றி உட்கார இடமில்லாமல், விடிய விடிய வந்தவள். தம்பி “உள்ளத உள்ளபடி வாசிக்கா” என்று சாயாவை உறிஞ்சினான். அவள் ‘அன்புடையீர், நெடுந்தூரம் பயணம் செய்து எங்கள் ஊருக்கு வருகை தந்திருக்கும் தங்களை’ என்று வாசித்துக் கொடுத்தாள். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இப்படி இரண்டு வாரம் ஓடியது. காலையில் ஒருவர் வசவை விழுங்குவாள், மூன்று மணிக்கு மற்றவன் வசவை விழுங்குவாள். இருநூற்றுப் பதினாலு பேர் குழுவில் இரண்டு பக்கத்துத் திட்டும் விழுந்த ஒரே காது அவளுடையது. இதில் அவளைப் பெயர் சொல்லி ஒருவரும் திட்டவில்லை, எல்லாம் பொதுவில் விழுந்ததுதான். பொதுவில் விழுவதுதான் அதிகமாக வலிக்கும் என்று வாங்கியவர்களுக்குத் தெரியும்.

பிறகு ஒரு கூத்து நடந்தது. மரியாதைக்கு மரியாதை செய்யாமல் இருக்க மனுஷனால் முடியாது. எதிராளி இவ்வளவு பண்பாக எழுதுகிறானே என்று முதலில் சாமியின் கை கூசியது. ‘டேய்’ போய் ‘தங்கதுரை’ வந்தது, பிறகு ‘ஶ்ரீ தங்கதுரை அவர்கள்’ வந்தது. தங்கதுரையும் சும்மா இருப்பானா? ‘பெருமதிப்பிற்குரிய சாமி, தமிழன் யார் என்ற விஷயத்தில் தங்கள் திருவடிகளுடன் கடுமையாக முரண்படுகிறேன்’ என்று எழுதினான். மூன்றாம் வாரத்தில் பொன்மணி பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. இருவரும் தாங்களாகவே கல்யாணப் பத்திரிகை எழுத ஆரம்பித்திருந்தார்கள்.

குழுவுக்குத்தான் இது பொறுக்கவில்லை. மலையாள எழுத்துக்காரர்கள் சாமியைப் பிடித்துக்கொண்டார்கள். நல்லாத் திட்டிக்கொண்டிருந்தீரே, என்ன ஆச்சு, எந்தக் கட்சியிடம் விலை போனீர் என்று கேட்டார்கள். தமிழ் எழுத்துக்காரர்கள் தங்கதுரையின் வண்டியை மறித்து, நம் மானத்தைப் பெரிசு காலில் போட்டுவிட்டாயே என்று வெங்காயத்தைத் திரும்பக் கொடுத்தார்கள். குழுவில் மரியாதை அளவுமீறிவிட்டது என்று கண்டித்துப் பதினாலு பேர் வெளிநடப்புச் செய்தார்கள்.

சந்தோஷப்பட்டவர் இஸ்மாயில் ஒருவர்தான். தினம் ராத்திரி பத்துப் பேரைச் சமாதானம் பண்ணும் வேலை மிச்சமாயிற்று. யார் என்ன எழுதினார்கள் என்று அவர் ஒரு நாளும் படித்ததில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கடைக்கு வந்து முகமெல்லாம் பல்லாகச் சொன்னார்.

“பொன்மணி, நாளைக்கு நாலு மணிக்குப் பேலஸ் ரோடு ஹாலுக்கு வந்துரும்மா. உன் தம்பிக்கும் சாமிக்கும் பொன்னாடை போடுறோம். ஸ்நேஹான்னு வைட்டிலாவுல ஒரு பொண்ணு, ஆராய்ச்சி பண்ணுது, ரெண்டு எழுத்தும் நல்லா வாசிக்கும். முதல் நாளிலிருந்து அவங்க எழுதினது பூராவையும் அச்சடிச்சு வச்சிருக்கு. ஒண்ணு விடாம மேடையில வாசிச்சிரும். எப்படி மரியாதையாச் சண்டை போடுறதுன்னு நம்ம சனம் கத்துக்கட்டும்.”

பொன்மணி தேய்த்துக்கொண்டிருந்த சட்டையின் காலரில் பெட்டி ஒரு நிமிஷம் அதிகமாக நின்றது. முதல் நாளிலிருந்தா என்று மட்டும் கேட்டாள். முதல் நாளிலிருந்து என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை காலை கரியைக் கொட்டி அணைத்தாள். பெட்டியை ஈரத்துணியால் துடைத்து, விரிப்பில் வைத்து, மேசைக்காலோடு சேர்த்து மூட்டையாகக் கட்டினாள். எப்படியும் ரோட்டுக்குப் போகப்போகிற சாமான், அவர் கையால் தூக்கி எறிவதைவிட நாமே தூக்கிக்கொண்டு போவது கௌரவம் என்று நினைத்தாள். மூன்று முடிச்சுப் போட்டுவிட்டு ஹாலுக்கு நடந்தாள்.

ஹாலில் நடுவில் வழி விட்டு, ஒருபுறம் மலையாள எழுத்துக்காரர்களும் மறுபுறம் தமிழ் எழுத்துக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் சாமியும் தங்கதுரையும், நீங்கள் முதலில் உட்காருங்கள், இல்லை நீங்கள்தான் என்று கால்மணி நேரம் நின்றார்கள். பொன்னாடை போட்டாயிற்று. ஸ்நேஹா மைக் முன்னால் வந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, தெளிவாக வாசித்தாள்.

“‘டேய் உள்ளிச்சாக்கு மண்டையா, நேத்து பஸ்ஸில் வந்து இறங்கின பிச்சைக்காரக் கூட்டம்…’”

அவள் விடாமல் அடுத்ததையும் வாசித்தாள். “‘உங்கப்பன் மிளகு மண்டியில கள்ளத்தராசு…’”

பொன்மணி கண்ணை மூடிக்கொண்டாள். நாற்காலி தள்ளப்படும் ஓசை கேட்டது. சாமி எழுந்துவிட்டார்.

“நிறுத்து குட்டி! என்ன வாசிக்கறே நீ? நான் அப்படி எழுதுவேனா?”

தங்கதுரையும் எழுந்தான். “சாமி அப்படியெல்லாம் எழுத மாட்டாரும்மா! தினம் கேக்குறவன் நானு. அவுக அப்பாவப் பத்தி நான் தப்பா எழுதுனேங்கிறியா? எந்த வாயால சொல்ற?”

“இவர் எழுதமாட்டார்,” என்றார் சாமி, தங்கதுரையின் தோளைப் பிடித்துக்கொண்டு. “என் தோப்பனாரை நீதிமான்னு எழுதின பிள்ளை இது!”

“சார், இங்க இப்படித்தான் இருக்கு,” என்று ஸ்நேஹா காகிதத்தில் விரலை வைத்துக் காட்டினாள். அழாத குறை.

“உனக்கு வாசிக்கத் தெரியலை. பொன்மணி! எங்கே அவ? நீ வந்து வாசி.”

பொன்மணி எப்படி மேடை ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. காகிதத்தை வாங்கினாள். மேலே உள்ளிச்சாக்கு, கீழே கள்ளத்தராசு, எல்லாம் கறுப்பு மையில் பளிச்சென்று இருந்தது. “அன்புடையீர்,” என்று வாசித்தாள். நீதி தவறாத தராசை வாசித்தாள், யானையை வாசித்தாள், சுற்றமும் நட்பும் சூழ வாசித்தாள். இருவரும் ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார்கள். “அதான்! அதைத்தானே எழுதினேன்!” என்றான் தங்கதுரை.

கீழே இருந்தவர்களுக்குத் தெரியாதா? இரண்டு பக்கமும் தங்கள் ஆள் எழுதியதை அன்றன்றே படித்துக் கைகொட்டிச் சிரித்தவர்கள்தான். ஆனால் எழுந்து சொன்னால் பொன்னாடை போட்ட தன் ஆள் எதிர்க்கூட்டத்தின் முன்னால் நாறிப்போவான். ஆகவே யாரோ முதலில் கைதட்டினார்கள், பிறகு எல்லாரும் தட்டினார்கள்.

“சேச்சி, அதுல அப்படியா எழுதியிருக்கு?” என்று ஸ்நேஹா காதருகே கேட்டாள்.

“பழகினவங்களுக்குத்தான் இந்தக் கையெழுத்து புரியும், மோளே,” என்றாள் பொன்மணி. அச்சடித்த காகிதம் அது.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குச் சாமி வந்தார். கையில் வேட்டி இருந்தது. மூட்டையைப் பார்த்தார்.

“கடை திறக்கலையா?”

“கட்டி வச்சிட்டேன் சாமி.”

அவர் போகவில்லை. வேட்டியை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார். “நேத்து அந்தக் குட்டி வாசிச்சது…”

“தப்பா வாசிச்சது சாமி. நீங்கதானே சொன்னீங்க.”

“ஆமாம்.” மதிலைப் பார்த்தபடி நின்றார். “அந்த பஸ் விஷயம். உன்னை நெனச்சு எழுதலை, பொன்மணி.”

இத்தனை நாள் விழுங்கியது அத்தனையும் அப்போது அவள் தொண்டைக்கு வந்தது. அவளுக்குக் கோபம். நல்ல கோபம். குரலை உயர்த்தாமல் சொன்னாள். “மொத நாள் எழுதினத எடுங்க சாமி. நீங்களே உங்க வாயால ஒருக்கா வாசிங்க. நான் கேக்கணும்.”

சாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை வெகுநேரம் தள்ளித் தள்ளிக் கண்டுபிடித்தார். பெரிய எழுத்து வைத்திருந்தார். எதிரில் நின்ற பொன்மணிக்குத் தலைகீழாக ஒவ்வொரு எழுத்தும் தெரிந்தது.

“அன்புடையீர்,” என்று அவர் ஆரம்பித்தார். உள்ளிச்சாக்கின் மேல் விரலை வைத்துக்கொண்டு “ஶ்ரீ தங்கதுரை அவர்களுக்கு” என்றார். பஸ் வந்த இடத்தில் நின்றுவிட்டார். “நெடுந்தூரம்… ராத்திரி பூரா பஸ்ஸில் உக்காந்து… வந்தவா… அவா எல்லாரும் நம்மவா…” கண்ணாடியைக் கழற்றினார். “அப்படித்தானே எழுதியிருக்கு?”

பொன்மணி அந்த வரியைத் தலைகீழாகவே இன்னொரு தடவை முழுசாகப் படித்தாள்.

“அப்படித்தான் எழுதியிருக்கு சாமி,” என்றாள். “வேட்டியை இங்க வையுங்க. அந்த முடிச்சு மூணையும் நீங்க அவுத்துவிடுங்க, நான் கரி பத்த வைக்கிறேன்.”