ஸ்விட்ச் பக்கத்தில் நிற்க ஒரு ஆள்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது வலங்கைமான் கடைத்தெருவில், ஓர் எலக்ட்ரிகல் கடையில். ஹாஸ்டல் அறைக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்க நின்றிருந்தேன். நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி வந்து, "குண்டு பல்பு இருக்கா? நாப்பது, அறுவது, நூறு. மூணும் வேணும்" என்றார்.

"இப்பல்லாம் எல்.இ.டி.தான் வருது மேடம்."

"எல்.இ.டி. ஆகாதுங்க. குண்டு பல்புதான்."

கடைக்காரர் ஸ்டூல் போட்டு ஏறி மேல்தட்டைத் துழாவிக்கொண்டே கேட்டார்: "கோழிக்குஞ்சு வளக்குறீங்களா?"

"இல்லைங்க. அப்பாவோட மைக்செட்டு. பழைய வால்வு ஆம்ப்ளி. இருவத்தஞ்சு வருசமா போடல. மெதுவா எழுப்பணும்."

"பாத்துங்க மேடம். அது அடிச்சா தூக்கிப் போட்டுடும். யாரையாச்சும் ஸ்விட்ச்கிட்ட நிக்க வச்சுக்குங்க."

அவர் சரியென்று தலையாட்டினார். பல்புகளைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

நடந்தது இவ்வளவுதான்.* மீதி முழுக்க என் கைச்சரக்கு. அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. பூவிழி என்று வைத்திருக்கிறேன்.

* இவ்வளவுதான் இல்லை. ஒன்றை மறைத்திருக்கிறேன். கடைசியில் சொல்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "மாலைச் சூரியன் குடமுருட்டியின் மேல் பொன்னை உருக்கி ஊற்றிக்கொண்டிருந்த வேளையில், பூவிழி

வேண்டாம். ஆற்றில் ஊற்ற முதலில் தண்ணீர் வேண்டும். மேட்டூரை இன்னும் திறக்கவில்லை.

இரண்டாம் தொடக்கம்: "பூவிழி தனிமையில் வாடினாள்."

வாடவில்லை. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் பயிற்றுநர். திங்கள் முதல் சனி வரை வாட நேரமில்லை. ஞாயிறு மட்டும் கொஞ்சம் இருக்கிறது.

2 (மறுபடியும்)

ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட ஒரே தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பூவிழி பரணிலிருந்து ஆம்ப்ளியை இறக்கினாள். (கடையில் 'அவர்', கதையில் 'அவள்'. கதைக்குள் வந்தால் மரியாதை குறைவது வழக்கம். நான் என்ன செய்ய.) பிரஷ்ஷால் தூசி தட்டினாள். எலி கடித்த ஒயரை மாற்றினாள். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட் பெட்டியின் ஈயத்தாள் சுருட்டிச் செருகியிருந்தது. மைக்செட் வாடகைக்கு விட்ட அப்பாவின் வேலை அது. ஆம்ப்ளி எரிந்தாலும் எரியட்டும், கல்யாண வீட்டில் பாட்டு நிற்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை. ஈயத்தாளை எடுத்துவிட்டு அளவான ஃபியூஸைப் போட்டாள்.

நேராகப் பிளக்கில் செருகினால் என்ன என்று கேட்பீர்கள். கூடாது. உள்ளே மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கண்டென்சர்கள், வருஷக்கணக்கில் சும்மா கிடந்ததால், மின்சாரத்தைத் தாங்கும் பழக்கத்தையே மறந்திருக்கும். இருநூற்று முப்பது வோல்ட்டும் ஒரேயடியாகப் பாய்ந்தால் வெடிக்கலாம். போகிறபோது டிரான்ஸ்ஃபார்மரையும் கூட்டிக்கொண்டு போகும். அதனால் ஆம்ப்ளிக்கு முன்னால், அதே லைனில், ஒரு குண்டு பல்பு. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரியும், ஆம்ப்ளி தப்பிக்கும். கோளாறு இல்லையென்றால் ஒருமுறை மின்னி மங்கும். முதலில் நாற்பது, பிறகு அறுபது, பிறகு நூறு. பட்டினி கிடந்தவருக்குக் கஞ்சியில் ஆரம்பிப்பதைப் போல.

[பிளக்கைப் பிடுங்கி நெடுநேரம் ஆன பிறகும் கண்டென்சருக்குள் மின்சாரம் தங்கியிருக்கும், தொட்டால் அடிக்கும். இதை மனித உறவுக்கு உவமையாக்கலாம். நான் ஆக்கவில்லை. நீங்களும் ஆக்காதீர்கள்.]

பலகையில் ஹோல்டர், ஹோல்டரில் பல்பு, எல்லாம் தயார். அப்போது பூவிழியின் கை நின்றது. பத்தொன்பது வருஷமாக அவள் வகுப்பில் சொல்லிவரும் விதி ஒன்று உண்டு: ஒருவர் வேலை பார்த்தால் இன்னொருவர் ஸ்விட்ச் பக்கத்தில் நிற்க வேண்டும். லேப் சுவரில் சிவப்புப் பெயின்ட்டால் அவளே எழுதியது.

"ஸ்விட்ச்கிட்ட யாரு?" என்று வகுப்புப் பழக்கத்தில் சத்தமாகக் கேட்டுவிட்டாள்.

வீட்டில் அப்போது இருந்தது அவளும் ஒரு பல்லியும்.

3

விதியாவது பரவாயில்லை, இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ஆம்ப்ளியை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம். எரிந்தால் அவ்வளவுதான், அது இப்போது எங்கும் கிடைக்காது. ஸ்பீக்கர், அதாவது மைக்செட்டின் குழாய், பூவிழியிடம் இல்லை. குடவாசலில் தம்பி பரிதியிடம் இருக்கிறது.

அப்பா இறந்த மறுமாதம் பாகம் பிரித்தார்கள். இரண்டு மா நிலம், முக்கால் ஏக்கர்கூட வராது, ஆளுக்கு ஒரு மா. மிஞ்சியது மைக்செட். விற்க இருவருக்கும் மனசில்லை, விட்டுக்கொடுக்கவும் மனசில்லை. "ஆம்ப்ளி பொண்ணுக்கு, குழாய் பையனுக்கு" என்றார் பெரியப்பா. அப்படியே பிரித்தார்கள். இருவருக்கும் துல்லியமாகச் சமமாக, ஒன்றுக்கும் ஆகாதது கிடைத்தது.

"நீதான் படிச்சவளாச்சே. குழாய் இல்லாமயே பாட வச்சுக்க" என்றான் பரிதி.

"ஒனக்கு வாயே குழாய். அது எதுக்குத் தனியா?" என்றாள் பூவிழி.

எட்டு வருஷமாயிற்று. இருவரும் பேசியதில் கடைசி அதுதான்.

5

(நான்காம் பகுதியில் பரிதி குடிகாரனாக இருந்தான். எழுத வசதியாக இருந்தது. அதனாலேயே கிழித்துவிட்டேன்.)

பரிதி நல்லவன். உரக்கடை வைத்திருக்கிறான், யாரிடமும் குரல் உயர்த்த மாட்டான். கதைக்கு இது இன்னும் கஷ்டம். குழாயைக் கவிழ்த்து அதற்குள் கோழிக்குஞ்சு அடைக்கிறான் என்று ஒரு வரி எழுதினேன். கடைக்காரர் கேட்ட கேள்வியோடு அளவுக்கு மீறிப் பொருந்தியது, அடித்துவிட்டேன். குழாய் அவன் வீட்டு மாட்டுக்கொட்டகையில் சும்மா தொங்குகிறது. அதில் தூசி இல்லை. யார் துடைக்கிறார்கள் என்று நான் எழுதவில்லை.

6

முடிவு (அ): பூவிழிக்குத் தொழில் தெரியும். குழாய்க்குப் பதில் ஒரு பெரிய ரெசிஸ்டரை மாட்டுகிறாள். ஸ்பீக்கர் இருப்பதாக அது ஆம்ப்ளியை நம்பவைக்கும். ஸ்விட்சைத் தானே போடுகிறாள். பல்பு மின்னி மங்குகிறது. வால்வுகள் சிவக்கின்றன. எல்லாம் சரியாக வேலை செய்கிறது. சத்தம் மட்டும் இல்லை. ரெசிஸ்டர் சூடாகும், பாடாது. மாலை வரை அதன் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள்.

இதை எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்து அடுத்த முடிவை எழுதினேன்.

முடிவு (ஆ): ஈயத்தாள், நேரடிப் பிளக், புகை. நாலு வரியில் முடிந்துவிடும். ஆனால் புகை வரவழைக்கிறவர் மூன்று பல்பு வாங்க மாட்டார்.

முடிவு (இ): தம்பிக்குப் போன் செய்கிறாள்.

"ம்."

"நான்தான்."

"தெரியுது. பேரு வருதுல்ல."

"குழாய் இருக்கா?"

"இருக்கு. ஏன், அதையும் பாதியா வெட்டணுமா?"

"ஆம்ப்ளிய எழுப்பப் போறேன். லோடு இல்லாமப் போடக் கூடாது."

"ரெசிஸ்டர மாட்டு. ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுக்குறியே."

"சத்தம் வராதுடா."

அந்தப் பக்கம் மாடு ஒன்று கழுத்தை உதறும் ஒலி கேட்டது. கடையில் மாடு இருக்காது. கொட்டகையில்தான் நிற்கிறான்.

"இத்தினி வருசம் கழிச்சு என்ன சத்தம் வேணும் ஒனக்கு?"

"ஏதாச்சும்."

பிறகு, "ஸ்விட்ச்கிட்ட யாரு நிக்கிறா?"

பூவிழி பல்லியைப் பார்த்தாள். "யாரும் இல்ல."

"அப்பக் கைய வைக்காத."

போனை வைத்துவிட்டான். பேச்சு முழுவதிலும் ஒருமுறைகூட 'அக்கா' என்று அவன் சொல்லவில்லை. நாலு இடத்தில் நுழைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. குடவாசலிலிருந்து வலங்கைமானுக்கு வண்டியில் அரை மணி. பின்னால் குழாயைக் கட்டிக்கொண்டு வந்தால் கொஞ்சம் கூட ஆகும். வண்டியை எடுத்தானா என்று

7

மறைத்ததைச் சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் "யாரையாச்சும் நிக்க வச்சுக்குங்க" என்றபோது அந்தப் பெண்மணி உடனே தலையாட்டவில்லை. திரும்பிக் கடையை ஒருமுறை பார்த்தார். கடைக்காரரைத் தவிர அங்கே இருந்தது நான் ஒருவன். அன்று மதியம் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. போனை எடுத்துப் பார்த்தேன். போனில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததை அவர் படியிறங்கும் வரை கவனமாகப் படித்தேன். நான் போனை எடுத்த பிறகுதான் அவர் தலையாட்டினார்.

அதனால்தான் ஒரு தம்பியைச் செய்தேன். என் இடத்தில் நிற்க எனக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது.

ஆகையால், அவன் வருவான் என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை. வரமாட்டான் என்று எழுத மனமில்லை. இப்போது மணி மூன்றே கால். பூவிழி நாற்பது வாட் பல்பை மாட்டியிருக்கிறாள். குழாய் கட்ட வேண்டிய இடத்தில் தற்சமயம் ரெசிஸ்டர். குழாய் வந்தால் கழற்றிவிடலாம். இரண்டு கையும் தொட்டால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும் என்பதால் இடக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வாசலைப் பார்க்கிறாள். வாசலில் இருப்பது நீங்கள். இவ்வளவு தூரம் படித்துக்கொண்டு வந்துவிட்டீர்கள்.

செருப்பைக் கழற்ற வேண்டாம், ரப்பர் நல்லது. உள்ளே வாருங்கள். ஸ்விட்ச் இடப்பக்கம். அவள் சொன்னதும் போடுங்கள். பல்பு பளீரென்று எரிந்து மங்காமலே நின்றால் உடனே அணையுங்கள். மங்கினால் ஒன்றும் செய்ய வேண்டாம். ஆறுதல் சொல்ல வேண்டாம். தெருவில் வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று அவள் கேட்டால், தெரிந்ததைச் சொல்லுங்கள்.

தயவுசெய்து போனை வெளியே எடுக்காதீர்கள். நில்லுங்கள்.