சேட்டம்மாவின் மூக்கு

பிஸ்தாபாய் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டதால்தான் சண்முகத்தாய்க்கு அந்த வேலை கிடைத்தது. அது 1989ஆம் வருஷம். பிஸ்தாபாயின் கணவர் சம்பத்ராஜுக்கு ராஜபாளையத்தில் பஞ்சு வியாபாரம், வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். ஜைனக் குடும்பம். பிள்ளைகள் மதுரையில் தங்கிப் படித்தார்கள். மாவுக்கட்டு பிரிக்கும்வரை சமைக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, சுந்தரபாண்டியத்திலிருந்து பஸ் ஏறி வந்தாள் சண்முகத்தாய். கல்யாண வீடுகளில் சமைத்துப் பழகிய கைதான். ஆனால் இந்த அடுப்படியில் எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்க வேண்டியிருந்தது.

"மண்ணுக்கு அடியில விளையிற காய் கிழங்கு எதுவும் கூடாது," என்றாள் பிஸ்தாபாய். மதுரையில் பிறந்து வளர்ந்தவள்; தமிழ் தடங்கலில்லாமல் வரும். "வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட். பச்சை இஞ்சியும் கூடாது. சுக்கு போடலாம்."

"அப்ப நிலக்கடலை? அதும் மண்ணுக்குள்ளதான காய்க்கு?"

பிஸ்தாபாய் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "கடலை விதை. அது சேரும்."

கேலி செய்கிறாளோ என்ற எண்ணம் அந்தப் பார்வையில் இருந்தது. சண்முகத்தாய் தெரியாமல்தான் கேட்டாள்.

தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் கொதிக்க வைக்கக் கற்றுக்கொண்டாள். பாசிப்பருப்பை வேகவைத்து, நெய்யில் சீரகமும் பெருங்காயமும் தாளித்துக் கொட்டினால் ஒரு வேளை ஆகிவிடும். உருளைக்கிழங்குக்குப் பதில் வாழைக்காய். சப்பாத்தி முதல் நான்கு நாள் கோணல்மாணலாக வந்தது, பிறகு வட்டமானது. சாயங்காலச் சாப்பாடு பொழுது அடைவதற்குள் முடிந்துவிட வேண்டும்.

இவ்வளவுக்கும் பிஸ்தாபாய் அடுப்படி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தே இருப்பாள். பாத்திரத்தை இறக்கியதும் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பாள். சண்முகத்தாய் தன் மதியச் சோற்றைத் தூக்குவாளியில் கொண்டுவந்து, வெளிவாசல் படியில் வைத்து, அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவாள். ஒருநாள் வாளியின் மூடி பைக்குள் வேறு மாதிரி சாய்ந்திருந்தது. திறந்து பார்த்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அவளும் பிஸ்தாபாயைக் கவனிக்க ஆரம்பித்தாள்.

மல்லியும் மிளகாய் வற்றலும் வறுத்து முடித்தபோது, "மில்லுல குடுத்து அரைச்சிட்டு வாரேன்," என்றாள்.

"வேண்டாம். அவரே அரைச்சு எடுத்துட்டு வருவார்," என்று பட்டென்று சொன்னாள் பிஸ்தாபாய்.

மறுநாள் சதுர்த்தசி. அந்தத் திதியில் பச்சைக் காய்கறி ஆகாது. தயிரில் புதுப் பொடியைக் கரைத்துக் கொதிக்கவிட்டு, அப்பளத்தை உடைத்துப் போட்டுக் குழம்பு வைத்தாள் சண்முகத்தாய். மணி ஐந்து. பிஸ்தாபாய் மூடியைத் திறந்தாள். முகம் மாறியது.

"பூண்டு."

"பூண்டா? இந்த வீட்டுல ஏதும்மா பூண்டு?"

"அதைத்தான் நான் கேக்கறேன். கையக் காட்டு."

சண்முகத்தாய் இரண்டு கைகளையும் நீட்டினாள். பிஸ்தாபாய் குனிந்து மோந்தாள். தயிரும் நெய்யும்தான் மணத்தன. அப்படியும் விடவில்லை. "உன் வாளியில வெங்காயம் இருந்ததை நான் பார்த்தேன். நாளையிலருந்து வர வேண்டாம்."

சண்முகத்தாய்க்குக் கண் கலங்கியது. பிறகு கோபம் வந்தது.

"அது எஞ்சோறு. படி தாண்டி உள்ள வந்ததில்ல. போறேன், ஆனா கள்ளின்னு பேரு வாங்கிட்டுப் போமாட்டேன். செத்த நேரம் நில்லுங்க."

டம்ளர்களை வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றிலும் வெந்நீர் ஊற்றி, ஒன்றில் சீரகம், ஒன்றில் மஞ்சள், ஒன்றில் பெருங்காயம், ஒன்றில் உப்பு, கடைசியில் புதுப் பொடி என்று ஒரு சிட்டிகை போட்டாள்.

"உங்க மூக்குதான நீதிபதி? நீங்களே பாருங்க."

பிஸ்தாபாய் நாலு டம்ளரைத் தாண்டினாள். ஐந்தாவதில் நின்றாள். மறுபடி மோந்தாள். பிறகு அதைச் சண்முகத்தாயிடமே நீட்டினாள். சந்தேகமில்லை. பூண்டு.

அந்நேரம் சம்பத்ராஜ் உள்ளே வந்தார். பொடியை எங்கே அரைத்தீர்கள் என்று மனைவி கேட்டதும் செருப்பைக் கழற்றியவாறே யோசித்தார்.

"ஸ்டாண்டு பக்கத்து மில்லுல. எனக்கு முன்னாடி யாரோ இட்லிப்பொடி அரைச்சாங்க. மில்காரர் மிஷினைத் துடைச்சிட்டுப் போடறேன்னார். எனக்குப் பஸ் வந்துடுச்சு, பரவாயில்லை போடுங்கன்னேன். ஏன்?"

"இட்லிப்பொடிக்குப் பூண்டு போடுவாகல்ல," என்றாள் சண்முகத்தாய். பிஸ்தாபாய் பொடி டப்பாவை இடது கையால் எடுத்துச் சண்முகத்தாய் பக்கம் நகர்த்தினாள். "எங்களுக்கு ஆகாது. நீ வேணா வீட்டுக்குக் கொண்டு போ."

"வேண்டாம்மா. நாளைக்கு இந்த வீட்டுச் சாமான் எம்பையில இருந்துச்சுன்னு பேச்சு வரும்."

பிஸ்தாபாய்க்கு அது சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். மாவுக்கட்டுக் கையோடு மற்றக் கையைச் சேர்த்து வைத்து, "மிச்சாமி துக்கடம்," என்றாள்.

சண்முகத்தாய் அவளையும் சம்பத்ராஜையும் மாறி மாறிப் பார்த்தாள். "அவிய பாஷையில என்னைய வையுதாகளா?"

சம்பத்ராஜுக்குச் சிரிப்பு வந்தது. மனைவியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். "இல்லம்மா. நான் செஞ்ச தப்பை மன்னிச்சிடுன்னு அர்த்தம்."

"அதத் தமிழ்ல சொன்னா என்னவாம்?"

"தமிழ்ல சொல்ல வெக்கமா இருக்கு," என்றாள் பிஸ்தாபாய், மெல்ல.

சண்முகத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மனசு முழுக்க ஆறவில்லை. "நாளைக்கு வாரதும் வராததும் வீட்டுல போயி யோசிச்சிட்டுத்தான் சொல்லணும்," என்றாள். ஜன்னலில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் முக்கால் மணி நேரம்தான். குழம்பைக் கொட்டிவிட்டு, மிளகும் சீரகமும் மட்டும் தட்டிப் போட்ட பாசிப்பருப்புக்கு உலை வைத்தாள். பிஸ்தாபாய் ஸ்டூலை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள்.