சகலை நுழைந்தால் நிற்கும் சர்வர்

"நின்னுடுச்சு!" என்று ஜன்னலோர மேசையிலிருந்து குரல் வந்ததும் சர்வர்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று இருபது.

அந்தக் கட்டட வரைபட அலுவலகத்தில் இருபத்திரண்டு பேர் வரைகிறார்கள். எல்லோருடைய வரைபடங்களும் உள்ளறையில் இவர் பராமரிக்கும் ஒரே சர்வர் கணினியில்தான் கிடக்கின்றன. அது முரண்டு பிடித்தால் இருபத்திரண்டு திரையும் கல்லாய்ச் சமைந்துவிடும். இரண்டு மூன்று நிமிடம் கழித்து, ஒன்றுமே நடக்காதது போலத் தானாக ஓடத் தொடங்கும். மூன்று வாரமாக இதே கூத்து.

"அண்ணா, உங்க சர்வர் மறுபடியும் தியானத்துல உட்கார்ந்துடுச்சு," என்றாள் மாடிப்படி வரையும் பெண். "சீக்கிரம் எழுப்புங்க. இல்லன்னா இந்த வீட்டுக்காரங்க ரெண்டாவது மாடிக்கு ஏணி வெச்சுதான் ஏறணும்."

அறையே சிரித்தது. போன வாரமாக இருந்தால் அவருக்குச் சுருக்கென்று தைத்திருக்கும். இன்று நிதானமாக உள்ளறைக்குப் போய், யார் எப்போது சர்வருக்குள் நுழைந்தார்கள் என்ற பதிவைத் திறந்தார். பதினொன்று பத்தொன்பது: சகலை.

நாக்கில் தேன் தடவியது போலிருந்தது.

மாமனார் வீட்டில் ஒன்பது வருடம் ஒற்றை மாப்பிள்ளையாகக் கொடிகட்டிப் பறந்தவர் அவர். மனைவியின் தங்கைக்கு வரன் அமைந்த அன்றே அந்த மவுசு போயிற்று. மாமியாரின் போனில் படம் வரவில்லையா, கூப்பிடு சின்ன மாப்பிள்ளையை. "அவர் தொட்டாலே சரியாயிடுது" என்று மாமியார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். தொட்டதும் சரியாக அவன் என்ன வைத்தியனா என்று மனைவியிடம் கேட்டுப் பார்த்தார்.

"போன வருஷம் நீங்க தொட்டீங்களே, அதுல இருந்துதான் படமே வரல," என்றாள் அவள்.

போதாக்குறைக்கு, வரைபடங்களுக்கு இன்னொரு பிரதி எடுத்து வைக்க ஆள் தேவை என்று முதலாளி இவர் வீட்டுக்குப் போன் செய்தபோது, பெயரை எடுத்துக் கொடுத்ததும் அவள்தான்: "எங்க தங்கச்சி வீட்டுக்காரர் இருக்காரே!" ஒரே வாரத்தில் சகலை தன் அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே இந்தச் சர்வருக்குள் போய்வர வழி பெற்றுவிட்டான். பன்னிரண்டு வருடமாக அவர் ஒருவர் மட்டுமே கால்வைத்த இடம் அது.

கடைக்குப் புது ஆள் வந்தால் ஒரு கண் வைப்பதில்லையா? அவரும் வைத்தார். சகலை உள்ளே நுழைந்தால் போதும், தானாகக் கிளம்பும் ஒரு சின்ன நிரலை எழுதினார். அது நாற்பது லட்சம் கோப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, பயல் எதில் கைவைத்தான் என்று பட்டியல் போட்டுத் தரும். எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் ஓட்டிப் பார்த்தார். பட்டியல் கச்சிதமாக வந்தது. அதோடு அதை மறந்தும் போனார்.

நிற்கும் வியாதி ஆரம்பித்ததும் கேபிள்களை மாற்றினார், கோப்புகளைச் சேமிக்கும் வட்டுகளைச் சோதித்தார், இணைப்புப் பெட்டியைக் கழற்றித் தூசி தட்டினார். எல்லாம் நலம். முதலாளிக்குத்தான் பொறுமை போயிற்று.

"சனிக்கிழமைக்குள்ள காரணத்தைச் சொல்லுங்க. இல்லன்னா சர்வர் பொறுப்பை உங்க சகலைகிட்டயே கொடுத்துடறேன். என்ன, சொந்தத்துக்குள்ளதானே போகுது!"

வேறு யாருக்குப் போனாலும் பொறுத்திருப்பார். அந்தச் 'சொந்தத்துக்குள்' என்ற வார்த்தையைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை. அன்றிலிருந்து சர்வர் நிற்கும்போதெல்லாம் அவர் வேறு எதையும் பார்க்கவில்லை. நேரே பதிவுக்குப் போவார், சகலையின் பெயரைப் பார்ப்பார், குறித்துக்கொள்வார், குளிர்ந்துபோவார்.

சனிக்கிழமை காலை முதலாளியின் மேசையில் தாளை விரித்தார். எதிரில் சகலை, சலவை மடிப்புக் கலையாத சட்டையில்.

"சார், மூணு வாரத்துல ஒன்பது தடவை நின்னிருக்கு. ஒன்பது தடவையும் ஒரு நிமிஷம் முன்னாடி தம்பி உள்ள நுழைஞ்சிருக்கார். நான் எதுவும் சொல்லல. தாள் சொல்லுது."

முதலாளி கண்ணாடியை இறக்கிச் சகலையைப் பார்த்தார். அவன் தாளை வாங்கி வரி வரியாகப் படித்தான்.

"அண்ணா சொல்றது சரிதான் சார். ஒன்பதும் பொருந்துது. ஆனா நான் செய்யற வேலை, ராத்திரி பிரதி எடுக்க ஒரு நேரத்தைக் குறிச்சு வெக்கறதுதான். அதுக்கு இது நிக்கக் கூடாதே! இப்பவே நுழையறேன், எல்லாருமா பார்த்துடலாம்."

மூவரும் உள்ளறைக்குப் போனார்கள். முதலாளி கதவோரம் நின்றார். வட்டுகளுக்கு எந்த வேலை எவ்வளவு பாரம் ஏற்றுகிறது என்று நொடிக்கு நொடி காட்டும் பட்டியலைச் சர்வரின் திரையிலேயே முதலில் ஓடவிட்டான் சகலை. பிறகு உட்கார்ந்து தன் மடிக்கணினியிலிருந்து நுழைந்தான்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு வெளியிலிருந்து, "நின்னுடுச்சு!"

சர்வர்காரருக்குக் குதிக்கவேண்டும் போலிருந்தது. கையும் களவுமாக! முகம் மலரத் திரையைப் பார்த்தார்.

பட்டியலின் உச்சியில் ஒரே ஒரு வேலை வட்டுகள் அத்தனையையும் வாரி விழுங்கிக்கொண்டிருந்தது. அதன் பெயர் சின்னமாப்பிள்ளை_கண். ஓட்டுபவர் என்ற இடத்தில் அவர் பெயர்.

நாற்பது லட்சம் கோப்புகளை ஒரே மூச்சில் திறந்தால் மற்றவர்களுக்கு வட்டு எங்கே மிஞ்சும்? காலியான அலுவலகத்தில் சோதித்தவருக்கு அது எப்படித் தெரியும்? காது மடல் கொதித்தது. சகலை அந்த வரியைப் படித்தான், அவரைப் பார்த்தான், மறுபடி படித்தான். பிறகு ஒரு விசையைத் தட்டினான்.

"வந்துடுச்சு!" என்று வெளியே ஆரவாரம்.

"பழைய வேலை ஏதோ ஒண்ணு உள்ள சிக்கிக்கிட்டு இருந்திருக்கு சார்," என்றான் சகலை. "நிறுத்திட்டேன். இனிமே வராது. யார் தப்பும் இல்ல."

தப்பித்தாயிற்று. வாயை மூடிக்கொண்டால் பொறுப்பும் மிஞ்சும், மானமும் மிஞ்சும். ஆனால் சர்வர்காரர் வேறொன்றை எடைபோட்டார். இனி மாமனார் வீட்டில் பந்தியில் பக்கத்தில் உட்காரும்போதெல்லாம் இவன் ஒன்றும் சொல்லாமல் புன்னகைப்பான். கெட்டிக்காரன் பட்டம் ஏற்கெனவே அவனுக்கு. பெருந்தன்மையும் அவனுக்கே போய்விட்டால் தனக்கு என்னதான் பாக்கி?

"பழைய வேலை இல்ல சார்," என்றார். "நான் எழுதினது. இவர் மேல கண் வெக்க."

முதலாளிக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அப்போ மூணு வாரமா என் ஆபீஸை நிறுத்தினது..."

"நான்தான்."

"ஒருத்தரை வேவு பார்க்க எங்க இருபத்திரண்டு பேரையும் சும்மா உட்கார வெச்சீங்களா அண்ணா?" என்றாள் மாடிப்படிக்காரி, முதலாளியின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தபடி. "சொல்லியிருந்தா நாங்களே மாறி மாறிப் பார்த்திருப்போமே!"

முதலாளி சிரிக்கவில்லை. "சர்வர் ரூம் சாவியைத் தம்பிகிட்ட கொடுத்துடுங்க. நீங்க பிரிண்டர், கேபிளைப் பாருங்க."

"சார், அண்ணாவே பார்க்கட்டும். நான் வேணும்னா கூட இருந்து..."

"நீ சும்மா இரு தம்பி," என்றார் சர்வர்காரர். "அதையும் நீயா எனக்குக் கொடுக்கணும்?"

வளையத்திலிருந்து சாவி லேசில் கழலவில்லை. நகம் மடங்க இழுத்து எடுத்து நீட்டினார். சகலை எழுந்து நின்று, இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டான். அதைக்கூட அழகாகத்தான் செய்தான், பாவி.