மூன்று கிருத்திகைப் பூச்சு

நாய்க்கு வைத்தியம் பார்க்கிறவனை எந்த ஊரும் கேலிதான் செய்யும். திருத்தணி மட்டும் கஜபதியைக் கும்பிட்டது. மலையடிவாரத்தில் நாலு காணி நஞ்சை இருந்தும் அதை எட்டிப் பார்க்க அவருக்கு நேரமில்லை. யுத்தத்தில் அரிசி போயிற்று, மண்ணெண்ணெய் போயிற்று. நாய்களுக்கு மட்டும் பஞ்சமே வரவில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் ஜோடி சேர்ந்து திரிந்த நாய்களுக்குத் தை பிறப்பதற்குள் பின்பக்கம் கோழிக்கொண்டை மாதிரி சதை முளைத்து ரத்தம் சொட்டும். கஜபதி ஐந்து பச்சிலை பறித்துவந்து கொடுக்க, மனைவி தாயம்மாள் அரைப்பாள். கிருத்திகைக்குக் கிருத்திகை பூச்சு. மூன்று கிருத்திகையில் சதை சுருங்கி உதிர்ந்துவிடும். உதிராமல் செத்த நாய்களும் உண்டு. அந்த வீட்டில் கிருத்திகையன்று யாரோ கவிச்சி தின்றிருப்பதாக உடனே கண்டுபிடித்துவிடுவார். அவர் மருந்து ஒருநாளும் தப்பு செய்ததில்லை.

அந்த மாசியில், மாடுகளுக்கு ஊசி போட வந்த வெட்னரி டாக்டர் ராஜவேலு, வாசலில் காத்திருந்த நாய்களைப் பார்த்துவிட்டு நின்றார்.

"இதுக்கு மருந்தே வேணாங்க. இது தொத்துற புத்துநோய். வேற நாயோட சதை உயிரோட வந்து ஒட்டிகினு வளருது. மொதல்ல உடம்பு ஏமாந்துபூடும். அப்புறம் இது நம்ம சதை இல்லன்னு கண்டுகினு, தானே கரைச்சுத் தள்ளிடும். அப்படித் தள்ளின நாய்க்கு மறுபடி ஒட்டுறதில்ல. குட்டியும் நோஞ்சானும்தான் தள்ள முடியாம சாவும்."

"கரைக்க எத்தினி நாள் ஆவும்?"

"ரெண்டு மூணு மாசம்."

"அதாவது மூணு கிருத்திகை," என்றார் கஜபதி. தன் மருந்துக்குச் சர்க்காரே சாட்சி சொல்லிவிட்டது போல அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

மோர் கொண்டுவந்த தாயம்மாள் உள்ளே போகாமல் நின்றாள். "மனுசங்களுக்கு வந்தாலும் தானா கரைஞ்சிடுங்களா?"

"அது வேறம்மா. வெளியேந்து வர்றதில்ல, சொந்தச் சதையே கெட்டுப்போறது. சொந்தத்தை உடம்பு எங்க அன்னியம்னு கண்டுக்கப்போவுது? சீக்கிரமா அறுத்து எடுத்துடணும்."

"நாய் உடம்புக்கு இருக்கிற புத்தி மனுசன் உடம்புக்கு இல்லியாம்!" என்று கஜபதி அன்று முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். தாயம்மாள் சிரிக்கவில்லை. அதைக் கவனிக்க அவருக்கு ஓய்வேது? ஏழு நாய்கள் அல்லவா காத்திருந்தன.

சித்திரைக் கிருத்திகைக்குள் ஏழும் குணமாயின. சந்தோஷத்தோடு வீட்டுக்குள் நுழைந்தவர் முன்னால் தாயம்மாள் தண்ணீர்க் குடத்தைக் கீழே போட்டாள். இடக்கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. அதட்டிக் கேட்ட பிறகு முந்தானையை விலக்கிக் காட்டினாள். மார்பில் புளியங்கொட்டை அளவு இல்லை, எலுமிச்சங்காய் அளவுக்குக் கட்டி.

"இதுக்கா பயந்துகினு இருந்த? அஞ்சு பச்சிலை இருக்குது. அரைச்சு எடுத்துகினு வா."

"அரைக்க முடியாதுங்க. பொங்கல்லேர்ந்து நான் அம்மியைத் தொடவே இல்ல. குழவியைத் தள்ளினா கை உயிர் போவுது."

"அப்போ ஏழு நாய்க்கும் பூசினது?"

"சாணியும் அடுப்புச் சாம்பலும்."

கஜபதி திண்டாடிப் போனார். மூன்று மாதமாகச் சாணியை மந்திரம் சொல்லிப் பூசியிருக்கிறார். சாணி நாற்றம்கூடத் தெரியாமல் போனதே, அது எவ்வளவு பெரிய வைத்திய ஞானம்!

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா மூணு கிருத்திகை பொறுத்துக்கன்னு சொல்வீங்க. சொல்லாமயே மூணு கிருத்திகை பூட்ச்சு."

சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஊர் நாய்களையெல்லாம் குனிந்து குனிந்து பார்த்தவர், பக்கத்தில் சோறு போட்டவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. வெட்கத்தில் அழுதார்.

மறுநாள் காலையில் பெரியாஸ்பத்திரிக்குப் போக இருவரும் ஸ்டேஷனில் மெட்ராஸ் வண்டிக்குக் காத்திருந்தார்கள். பக்கத்துத் தெரு சேட்டு, கயிற்றில் ஒரு செவலை நாயை இழுத்துக்கொண்டு மூச்சு வாங்க ஓடிவந்தான்.

"வைத்தியரே, இதுக்கும் வந்துகீது. மருந்து குடுத்துட்டுப் போங்க."

கஜபதி குனிந்து பார்த்தார். நல்ல தெம்பான நாய்.

"மருந்து வேணாம்பா. வயிறு நெறைய சோறு போடு. தானா பூடும்."

அவர் ஆயுசில் சொன்ன முதல் சரியான வைத்தியம் அதுதான். சேட்டு நம்பாமல் முணுமுணுத்துக்கொண்டே போனான்.

தாயம்மாள் புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள். "அதையே எனக்கும் ஒரு தரம் சொல்லுங்களேன்," என்றாள்.

வண்டி வந்து நின்றது. கஜபதி நோகாத கையைப் பிடித்து அவளை ஏற்றிவிட்டார்.